குளவி முடிச்சு

"களைக்கொல்லி பட்டதாலதானே இப்படி? மறைக்காமச் சொல்லும்மா."

வாட்டில் மரக்கிளையை மேசைமேல் வைத்துவிட்டு மெர்வ் தொப்பியைக் கழற்றினார். எழுபது தாண்டியவர். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில் நாற்றுப்பண்ணை ஒன்றில், செடிகொடிக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல்வது நெரிடாவின் வேலை.

செப்டம்பர் மாதம். மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்க வேண்டிய கிளை. ஒரு பூகூட இல்லை. மொட்டு வர வேண்டிய இடத்திலெல்லாம் கொத்துக் கொத்தாகப் பச்சை முடிச்சுகள்.

"மருந்து பட்டா இலை சுருண்டு கருகும், பெரியவரே. இப்படி உருண்டு திரளாது."

"நல்லாப் பாரும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவள் ஒரு முடிச்சைக் கத்தியால் பிளந்து, லென்ஸை அவரிடம் நீட்டினாள். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புழு.

"குளவி. கடுகத்தனைதான் இருக்கும். மொட்டுல முட்டை வெச்சுட்டுப் போயிடும். புழுவைச் சுத்தி மரம் வீங்கிக்கும். இதுல மனுஷங்க கை எதுவும் இல்ல."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"நிச்சயமா?"

"நிச்சயமா. ஏன், யார் மேலயாவது சந்தேகப்பட்டீங்களா?"

"என் பையன் ராஸ் மேல. வேலியோரம் களைக்கு மருந்தடிச்சான். அடுத்த வருஷமே அவங்கம்மா வெச்ச மரத்துல இதே முடிச்சு. 'போய்ச் சேர்ந்தவ ஞாபகமா இருந்தது இது ஒண்ணுதான், அதையும் கொன்னுட்டியேடா'ன்னு கத்தினேன். 'மரத்துப் பக்கமே நான் போகலப்பா'ன்னு அழுதான். நான் நம்பல. வெளியே போடான்னுட்டேன்."

நெரிடாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஒரு குளவிக்காகவா பிள்ளையைத் துரத்தினீங்க? முதல்ல போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. முடிச்சையெல்லாம் வெட்டி எரிச்சிட்டா, அவங்கம்மா மரமும் மறுபடி பூத்துடும்."

"அதை அன்னிக்கே வெட்டிச் சாய்ச்சிட்டேன்மா. இது வேற மரம். யாருமே மருந்தடிக்காத இடத்துல நிக்குது." அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ராஸோட கல்லறைப் பக்கத்துல."