இடது பெட்டி

மறுபடியும் இடது பெட்டியின் சத்தம் இறங்கிவிட்டது.

பழனிக்குமார் சால்டரிங் அயனைத் தரையில் வைத்தான். எதிரே சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் அவன் கட்டிய ஆம்ப்ளிஃபயர். டேப்பில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. வலது பெட்டி கணீரென்று வாசித்தது. இடது பெட்டி தலையணைக்குள் இருந்து முனகியது.

பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்தான். வயரை மாற்றினான். பேகம்பூர் அப்பாஸ் கடைக்குப் போய்ப் புது ஐசி சில்லு வாங்கி வந்து போட்டான். எதை மாற்றினாலும் முனகல் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. மீட்டர் வைத்தால் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது.

மீட்டரை அவன் நம்புவதில்லை. கோயில் திருவிழா, மாதா கோயில் சப்பரம் என்று கூம்பு ஸ்பீக்கரின் அடியிலேயே நின்று தொழில் பார்த்தவன். ‘குமாரு காதுல கேட்டாப் போதும்’ என்று திண்டுக்கல் ரேடியோ கடைகளில் ஒரு பேச்சு உண்டு.

இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு டீ டம்ளர் இருந்தது. ஆறி ஆடை படிந்திருந்தது. எப்போது வந்ததென்று தெரியவில்லை.

“டீய வச்சா ஒரு வார்த்தை சொல்லிட்டு வைக்க மாட்டியா?” என்று திரும்பாமலே கத்தினான். இடது பக்கம் அடுப்படி. பதில் இல்லை.

முந்தாநாள் சாணார்பட்டியில் அவன் மனைவி முத்துப்பேச்சியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. இந்த ஸ்பீக்கர் செட்டை முடிக்க வேண்டும் என்று அவன் போகவில்லை. அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. கோபம் என்றால் திட்டித் தொலைக்கலாம். இப்படி ஊமையாக நடமாடுவதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வாசலில் டிவிஎஸ் வண்டி நின்றது. நத்தம் ரோட்டில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சூசை. செட்டு அவருக்குத்தான். அவர் எடுத்துக்கொண்டால் அவருடைய சொந்தக்காரர்களும் ஆளுக்கொன்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் பழனிக்குமார் மறுபடியும் கூம்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும்.

“என்னப்பு, ஆச்சா?” சூசை அவனுக்கு வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“செத்த நேரம் பொறுங்கண்ணே.” பேலன்ஸ் திருகை இடது பக்கமாக நகர்த்தினான். இரண்டு பெட்டியும் சமமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினான். “இப்பக் கேளுங்க.”

சூசை முகத்தைச் சுளித்தார். “இடது பக்கம் இந்தக் கத்து கத்துதே.”

“கத்துதா?”

“பெட்டி கிழிஞ்சிரும் போலருக்கு. திருகை நடுவுல வையி.”

வைத்தான். இடது பெட்டி மறுபடியும் தலையணைக்குள் போனது.

“ஆங்! இப்ப ரெண்டும் ஒண்ணாக் கேக்குது. இதையே குடு, கொண்டுபோறேன்.”

“ஒண்ணாவா? அண்ணே, இடது பக்கம் செத்துக் கெடக்கு. இத எப்படிக் குடுக்குறது?”

“எனக்கு நல்லாத்தானப்பா கேக்குது.”

பழனிக்குமாருக்குச் சுர்ரென்று ஏறியது. “தேங்கா தட்டிப் பாக்குற காதுக்கு அம்புட்டுத்தான் கேக்கும்.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. சூசை எழுந்தார்.

“தேங்கா தட்டுற காதுதான். எளசா முத்தலான்னு இன்னைக்கு வரைக்கும் அது தப்புனதில்ல.” செருப்பை மாட்டிக்கொண்டார். “செட்ட நீயே வச்சுக் கேளு, ராசா.”

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

நாதஸ்வரம் மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தக்கூட அவனுக்கு மனம் இல்லை. அந்தப் பெட்டிகளின் முகத்தில் இனி முழிக்கக் கூடாது என்று, முக்காலியோடு அப்படியே திரும்பி, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“சோறு ஆறுதுன்னு எத்தனை வாட்டிங்க சொல்றது?”

முத்துப்பேச்சி அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். அடுப்படி இப்போது அவனுக்கு வலது பக்கம்.

“இப்பத்தான் மகாராணிக்கு வாய் தொறந்துச்சாக்கும்” என்றான். மேற்கொண்டு ஏதோ சொல்லப் போனவன் நிறுத்தினான்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ மாறியிருந்தது. இவ்வளவு நேரம் முனகிய பெட்டி கணீரென்று வாசித்தது. நல்ல பெட்டி தலையணைக்குள் போயிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. அவன்தான் திரும்பியிருந்தான்.

முத்துப்பேச்சி பேசிக்கொண்டே இருந்தாள். அவன் மெதுவாக விரலைத் தூக்கி வலது காதை அடைத்தான்.

நாதஸ்வரம் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

விரலை எடுத்தான்.

“பேச்சி... ஊர்லேருந்து வந்ததுலேருந்து நீ ஏன் எங்கிட்டப் பேசல?”

அவள் அவனையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“நான் பேசிக்கிட்டேதான இருக்கேன், நீங்கதான் பதிலே சொல்லல.”