இருவருக்கும் அழைப்பு

"நீங்க முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றாள் கபிலா, புடவைத் தலைப்பில் ஊசி குத்திக்கொண்டே.

தன்சுக் சரி என்று தலையாட்டினார். கோட்டில் சங்கத்தின் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

டாலஸில் பெரிய ஹோட்டல் ஒன்றின் பதினொன்றாம் மாடி அறை. கீழே கூடத்தில் மோட்டல் உரிமையாளர் சங்க மாநாட்டின் கடைசி நாள் மதிய விருந்து நடந்துகொண்டிருந்தது. லிஃப்டில் ஏறினால் நாலு படேல், இறங்கினால் நாலு படேல்.

படேல் என்ற பெயரைப் பார்த்ததுமே காப்பீடு கிடையாது என்று அமெரிக்கக் கம்பெனிகள் கையை விரித்த காலத்தில், குஜராத்திகள் நாற்பது பேர் கூடி ஆரம்பித்த சங்கம் இது. கபிலாவும் தன்சுக்கும் இருபத்தொன்பது வருஷ உறுப்பினர்கள்.

அழைப்பு எப்போதும் இரண்டு பேருக்கும்தான் வரும். போவது ஒருவர்தான்.

அவர்கள் நடத்தியது ஒக்லஹோமா நெடுஞ்சாலை ஓரத்தில் இருபத்தாறு அறை மோட்டல். கௌண்டரை விட்டு இரண்டு பேரும் ஒன்றாக எழுந்திருக்கிற தொழிலா அது? ஒருவர் சாப்பிட்டால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் மாநாட்டுக்கு அவர் போனால் மறு வருஷம் அவள்.

மகள் கல்யாணத்தன்று மட்டும் மச்சினர் வந்து கௌண்டரைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு வந்தவர்களைக் கவனித்ததில் இவர்கள் இரண்டு பேரும் உட்காரவே இல்லை.

கபிலாவுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. மாநாட்டு விருந்தில் மற்றப் பெண்கள் புருஷன் தட்டிலிருந்து ஒரு பூரியை எடுத்துக் கடித்தபடி, மேடையில் பேசுகிறவரைக் காதோடு காதாகக் கிண்டல் செய்வார்கள். அப்படி ஒரு மதியம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஒருவழியாக இரண்டு பேரும் சேர்ந்து வந்துவிட்டார்கள். வாங்கி ஆறு வருஷமாகக் கட்டாமல் வைத்திருந்த பட்டோலாப் பட்டுப் புடவையை இன்றைக்குத்தான் எடுத்தாள்.

கட்டி முடித்ததும் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாவது நிமிஷம் தன்சுக் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். உந்தியுக் கூட்டு சூடாக இருக்கிறது, ஆறுவதற்குள் போ என்றார். அவள் எழுந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

கீழே விருந்து மேஜையில் இரண்டு பெயர் அட்டைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றின் முன்னால் சாப்பிட்ட தட்டு. கபிலா மற்றொன்றின் முன்னால் உட்கார்ந்தாள்.

எதிரே நிரஞ்சனா. அர்கன்சா மாநிலத்தில் இரண்டு மோட்டல் நடத்துகிறவள், வாய் கொஞ்சம் நீளம். தன்சுக்பாய் எங்கே, வந்த வேகத்தில் ஓடிவிட்டாரே என்று கேட்டாள்.

"கௌண்டர்ல இருக்காரு" என்றாள் கபிலா, பூரியைப் பிய்த்தபடி. மாநாட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்கிற பதில், யோசிக்காமல் வந்துவிட்டது.

நிரஞ்சனா சிரித்தாள். "எந்தக் கௌண்டர், கபிலாபென்? போன திங்கக்கிழமையே மோட்டல வித்து சாவியக் குடுத்துட்டோம்னு நீதானே சொன்ன?"

கபிலாவின் கை அப்படியே நின்றது.

கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததால்தான் இரண்டு பேரும் சேர்ந்து வர முடிந்தது. மேலே அறையில் காவல் காக்க இரண்டு பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

சங்கம் உரிமையாளர்களுக்கு. அடுத்த வருஷம் இவர்களுக்கு அழைப்பு வராது.

மேடையில் நன்றியுரை ஆரம்பித்துவிட்டது. கபிலா எச்சில் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு அவருக்குப் போன் செய்தாள். கீழே வந்து தன் பக்கத்தில் உட்காருங்கள் என்றாள்.

தன்சுக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது குரலிலேயே தெரிந்தது.

"நான் வந்துட்டா இங்க யாரு இருக்கறது?"

ஒரு கணம் அவளுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"யாரும் இருக்க வேண்டாம்" என்றாள். "நீங்க வாங்க."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறதா என்று கபிலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.