கை காலியில்லை

மாப்பிள்ளைக்கு வீடியோ கேம் பைத்தியம் பிடித்திருக்கிறது என்ற சேதி உறவில் ஒரு வீடு விடாமல் பரவியிருந்தது. பரப்பியது வேறு யாருமில்லை, அவர் பெண்டாட்டியேதான்.

போனை எடுத்தால் போதும், புலம்பல்தான். வேலை விட்டு வந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறாராம். விருந்து, விசேஷம் என்று யார் கூப்பிட்டாலும் அசைவதில்லையாம். ஒரு வருஷமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன உறவுக்காரர்கள், புத்தி சொல்லிவிட்டு வரும்படி அவளுடைய அண்ணனை அனுப்பி வைத்தார்கள்.

அண்ணனுக்கு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஓடாத வண்டியையே ஓட வைக்கிற நமக்கு, உட்கார்ந்த ஆளை எழுப்ப எவ்வளவு நேரமாகும் என்று கிளம்பிவிட்டார். வெறுங்கையோடு போகவில்லை. ஆம்பளைகள் மனசுவிட்டுப் பேச ஒரு துணை வேண்டாமா? பையில் ஒரு பாட்டில், கூடவே இரண்டு கிளாஸ். கடை அடைத்ததும் தினமும் அவருக்குக் கொஞ்சம் உள்ளே போயாக வேண்டும். கேட்டால் உடம்பு வலிக்கு என்பார்.

சாயங்காலம் வந்து இறங்கியபோது மாப்பிள்ளை சோபா நுனியில் இருந்தார். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மெக்கானிக், இங்கே ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான், உக்காருங்க. கை காலியில்ல, தப்பா நினைச்சுக்காதீங்க."

தங்கை காபி கொண்டுவந்தாள். வாங்கும்போது அண்ணன் கையில் அது தளும்பிச் சட்டையில் சிந்தியது. பஸ் குலுக்கல் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று சமாளித்தார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டம் முடிந்து, 'உங்கள் ஒரு வருடம்' என்று திரையில் எழுத்து மின்னியது. வருஷம் முழுக்க ஆடிய நாளுக்கெல்லாம் ஒரு பச்சைக் கட்டம். காலியாக ஒரு கட்டம்கூட இல்லை.

"ஒரு நாள்கூட விடல, பாத்தியா?" என்று மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தார். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவள் அழுவதுகூடக் கண்ணில் படவில்லையா, இந்த வயதில் இது ஒரு பெருமையா என்று மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தார். மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். வாங்குகிறவர் திருப்பிக் கொடுக்காவிட்டால் சண்டைக்கு ஏது ருசி? அண்ணன் இறங்கி வந்தார்.

"சரி, அதை வெச்சுட்டு எழுந்து வாங்க. மொட்டை மாடியில கொஞ்ச நேரம் உக்காருவோம். பழைய மாதிரி."

சொல்லிக்கொண்டே பையைக் காலால் நகர்த்தினார். உள்ளே கிளாஸ் பாட்டிலில் இடித்துக் கிணுங்கியது.

அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியிருந்த மாப்பிள்ளையின் கட்டைவிரல் அப்படியே நின்றது. லாரி பள்ளத்தில் போய் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே தெருவில் ஹாரன் சத்தம். கூட வேலை செய்கிற இரண்டு பேர், வெளியே போகலாம் என்று கூப்பிட வந்திருந்தார்கள். தங்கை பால்கனிக்கு ஓடினாள்.

அவர் கேமில் உட்கார்ந்தாயிற்று, இனி இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார், அவரைக் கட்டிக்கொண்டு தான் படுகிற பாடு போதும் போதும் என்றாகிவிட்டது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்பித் தீர்த்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்கள்.

உள்ளே வந்தவள், அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

"ரொம்பக் குடிச்சுட்டு இருந்தார்ணா" என்றாள் மெல்ல. "எல்லார்கிட்டயும் மறைச்சுட்டேன்."

லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று வேலை பார்க்கிற மனுஷன். போன வருஷம் கை நடுங்கி, பிடித்திருந்த ஸ்பானர் நழுவி அடியாழத்தில் போய் விழுந்ததாம். அடுத்து நான்தான் என்று வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாராம். டாக்டர் மருந்து கொடுத்தார். ஆனால் சாயங்காலமானால் கை சும்மா இருக்கவில்லை, கால் தானாகச் சாராயக் கடைப்பக்கம் கிளம்பியது.

"ரெண்டு கையும் வேணும்கிற மாதிரி ஒரு விளையாட்டு கொடுங்கன்னு கடையில நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"அதுக்கு, கட்டின புருஷனைப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லணுமா?"

"குடிய விட்டுட்டாருன்னு சொன்னா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு கையைப் பிடிச்சு இழுக்கறாங்கண்ணா. கேம் பைத்தியம்னா சிரிச்சுட்டுப் போயிடறாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "யாராவது புத்தி சொல்ல வருவீங்கன்னு தெரியும். இந்தப் பையோட வருவீங்கன்னுதான் தெரியல."

அண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். தங்கை குழாயைத் திறந்துவிட்டாள். வாசனை போகும்வரை தண்ணீர் ஓடியது. அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு அவருக்குக் கேட்டது.

வெறுங்கையோடு திரும்பி வந்தவரைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் தோள் தளர்ந்தது. சோபாவில் நகர்ந்து இடம் விட்டார்.

"இன்னொண்ணு இருக்கா மாப்பிள்ளை? நானும் ஆடறேன்."

ஜாய்ஸ்டிக் கைக்கு வந்தது. ஊரில் அவர் கடை அடைக்கிற நேரம். அண்ணன் ஓட்டிய லாரி இந்தப் பக்கம் பாறையில் முட்டி, அந்தப் பக்கம் பள்ளத்துக்குப் பாய்ந்தது. முழங்காலில் முட்டுக்கொடுத்துப் பிடித்துப் பார்த்தார். அப்படியும் இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின.

மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் மச்சான். போகப் போகச் சரியாயிடும்."