அண்ணனின் சான்றிதழ்

மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த பெண் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள். "அறுபது முடிஞ்சிருச்சு சார். இனிமே பிரீமியம் கூடும். ஆஸ்பத்திரி பில்லுல அஞ்சுல ஒரு பங்கு நீங்களே கட்டணும்."

தெய்வசிகாமணி தலையாட்டினார். அந்தப் பெயரும் தேதியும் இரண்டு வயதில் மூச்சிழுப்பில் போன அண்ணனுடையவை. அவன் போன மறுவருடம் பிறந்த இவரை, வீட்டிலிருந்த அந்தச் சான்றிதழைக் காட்டியே அப்பா பள்ளியில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து வயது ஏறுவதெல்லாம் அண்ணனுக்குத்தான். இப்போது மாடிப்படி ஏறினால் அவனுடைய இழுப்பும் நெஞ்சுக்குள் கேட்கிறது.

அவள் அடுத்த கேள்விக்கு வந்தாள். "கூடப்பிறந்தவங்க யாராச்சும் இறந்திருக்காங்களா சார்?"

அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒரு தம்பி" என்றார்.

"என்ன வயசு?"

"அவனுக்கு இன்னும் அறுபது ஆகலம்மா."