வங்கிக்குப் பிறந்த கன்று

மஸாஹிறா கேட்ட பசுவை இஸ்லாமிய வங்கி வாங்கி அவளுக்குத் தவணைக்கு விற்பதாக ஏற்பாடு. "மாடு முதல்ல வங்கிர கைக்கு வரணும். அதுக்குப் பொறகுதான் விக்கலாம்" என்று வங்கியின் ஷரீஆ, அதாவது இஸ்லாமியச் சட்ட, மேற்பார்வையாளர் தாசிம் மௌலவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முகாமையாளர் ஜவ்பர் பசுவை வாங்கி வங்கியின் பின்முற்றத்தில் கட்டினார்.

மறுநாள் கையெழுத்திட வந்த மஸாஹிறா, பசுவின் அருகே ஈரம் காயாத கன்று ஒன்று தள்ளாடி நிற்பதைக் கண்டாள்.

"கன்டு ஆருக்கு மௌலவி?"

"விக்க முந்திப் பொறந்திட்டு. வங்கிக்குத்தான்."

அவள் முகம் வாடியது. தாயை விட்டு இதை எப்படிப் பிரிப்பது?

"வங்கி அன்பளிப்பாக் கொடுக்கலாமா?" என்றார் ஜவ்பர்.

"தாராளமா. ஆனா மாட்டுர விலையில ஒரு சதமும் கூடப்படாது."

ஜவ்பர் ஓடிப்போய் அன்பளிப்புக் கடிதம் எழுதி வந்து நீட்டினார். பசு எட்டி அதைக் கவ்வித் தின்றுவிட்டது.

மௌலவி விழுந்து விழுந்து சிரித்தார். "வாயால செல்லுங்க, போதும்."

"தந்திட்டம்!" என்று ஜவ்பர் கத்த, ஊழியர்கள் கைதட்டினார்கள்.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு மஸாஹிறா பசுவை நடத்திப் போனாள். நடக்கத் தெரியாத கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மௌலவி பின்னால் போனார்.