முதல் ஓட்டம்

அக்கா சாரங்கியிடமும் தங்கை துவாரகாவிடமும் இருந்தது ஒரே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார்தான். டென்மார்க்கின் விபோர்க் கார் கிளப் போட்டியில் இருவரும் அதையே ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவார்கள்; குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பவருக்கே வெற்றி. இந்த முறை வெல்பவருக்குத் தேசியப் போட்டியில் இடம் உண்டு.

“எல்லாரும் போடுற டயரையே வாங்குவம், அக்கா.”

“இல்லை, எனக்கு இந்த ரேஸ் டயர்தான் வேணும்.”

“அப்ப நான் முதல் ஓடுறன்.”

“நான்தான் முதல் ஓடுவன்.”

மூத்தவள் என்ற அதிகாரம்! துவாரகா டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள்.

போட்டியன்று நல்ல குளிர். சாரங்கி முதலில் ஓட்டினாள். வளைவுக்கு வளைவு கார் வழுக்கியது. கடைசி இடம்தான் கிடைத்தது. அடுத்து துவாரகா ஏறினாள். அதே கார் தரையைக் கவ்விக்கொண்டு பறந்தது. முதலிடம்!

“பாத்தீங்களே அண்ணை, அக்கா பிழையான டயரை வாங்கிப்போட்டு வழுக்கினதை?” என்று கிளப் செயலாளர் கோணேசனிடம் சிரித்தாள்.

“பிழையான டயரோ? சூடேறினால் இதை அடிக்க வேற டயர் இல்லை, பிள்ளை. ஆனால் ஆராவது முதல் ஓடிச் சூடேத்தவேணும். அந்த ஆளுக்கு வெற்றி கிடையாது. இது கொக்கா சாரங்கிக்கு நல்லாத் தெரியும்.”

துவாரகா சாரங்கியிடம் ஓடினாள்.

“ஏனக்கா? உனக்கு வெல்ல ஆசை இல்லையே?”

“இருக்கு. ஆனால் என்னைவிட நீ நல்லா ஓடுறாய்,” என்றாள் சாரங்கி. “தேசியப் போட்டிக்கும் நான்தான் சூடேத்துவன்.”