ஒன்பதாவது டேப்பட்

அந்தப் பட்டறைக்காரியை எல்லோரும் மெக்கானிக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று ஒரு டாக்ஸியின் இன்ஜினைப் பிரித்து, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பதினாறு ஹைட்ராலிக் டேப்பட்களையும் வெளியே எடுத்தாள். மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே இருந்த ஆயிலைச் சுத்தமாக வடித்து, தட்டில் வரிசையாக அடுக்கினாள்.

"தேஞ்சதை மட்டும் மாத்திடறேண்ணா. நல்லதையெல்லாம் திருப்பிப் போட்டுடலாம்."

டாக்ஸிக்காரர் தலையாட்டிவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் எட்டு டேப்பட்கள் சரியாக இருந்தன. ஒன்பதாவதின் அடிப்பக்கம் தேய்ந்து குழிந்திருந்தது. தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் கையில் எடுத்தபோது அது துடித்தது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் என்று நினைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். துடிப்பு நின்றது.

வாசலில் டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. டாக்ஸிக்காரர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருந்தார். அவள் பதறி விரலை எடுத்தாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னண்ணா ஆச்சு?"

"தெரியலம்மா. ஒரு நிமிஷம் கண்ணெல்லாம் இருட்டிடுச்சு."

அவளால் நம்ப முடியவில்லை. லேசாக, மிக லேசாக, இன்னொரு தடவை அழுத்தினாள். அவர் கை மறுபடியும் நெஞ்சுக்குப் போனது. அவள் சட்டென்று விரலை எடுத்தாள். ஒன்பதாவதை நல்ல ஆயிலில் நனைத்து, எடுத்த இடத்திலேயே மெல்ல இறக்கினாள்.

சாயங்காலம் சாவியை வாங்கும்போது அவர், "எத்தனை மாத்தினம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்தலண்ணா." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே இந்த இன்ஜினை யார்கிட்டயும் பிரிக்கக் குடுத்துடாதீங்க."